மாவுக்கட்டுக்காரர் மனைவியின் புது சைக்கிள்

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் கட்டுப் போடுகிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், ஏன், வாசலில் டீ விற்பவருக்கும்கூட அவர் 'மாவுக்கட்டு'தான். அதற்காக அவர் கோபித்துக்கொண்டது கிடையாது. கோபப்பட நேரமும் கிடையாது. காலையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றால் மாலை வரை ஒருவர் மாற்றி ஒருவர் கையையோ காலையோ நீட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த மனிதர்கள் எப்படியெல்லாம் விழுகிறார்கள் என்று நினைத்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

வருஷக்கணக்காக இதே வேலையாக இருந்ததில் மனிதரின் பார்வையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் யாராவது ஏணியில் ஏறி பல்பு மாட்டினால், ஏணி தெரியாது, பல்பு தெரியாது, குதிகால் எலும்புதான் தெரியும். குழந்தை மதில் மேல் நடந்தால் முழங்கை. ஈரத் தரையில் யாராவது வேகமாக நடந்தால் மணிக்கட்டு. கல்யாண வீட்டில் ஹை ஹீல்ஸ் போட்ட பெண்ணின் பின்னாலேயே நடந்து, பக்கத்தில் கைப்பிடி இருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, மலையில் சைக்கிள் ஓட்டுகிறவள்.

கல்யாணம் பண்ணும்போது அவள் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் இவர் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். அவளுக்கு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. நாள் பூராவும் ஒரே நாற்காலி. சாமான்கள் வந்துகொண்டே இருக்கும், 'பீப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அவள் மூணாம் நம்பர் கவுன்ட்டர் அக்கா. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டபோது, உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். மகளுக்கு வாங்கிக்கொடுத்து, மகள் ஆசை தீர்ந்ததும் பால்கனியில் துரு ஏறிக்கொண்டிருந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தாள். முதலில் கடைக்குப் போனாள். பிறகு வேலைக்குப் போனாள். ஒரு லீவு நாளில், கடைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராக மலைப் பக்கம் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் புழுதி. அந்தப் புழுதிக்குள் இருந்த சிரிப்பை, கல்யாண ஆல்பத்தில்கூட அவர் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து லீவு நாள் என்றால் மலைதான். சைக்கிளோ படுமோசம். மவுன்டன் பைக் என்று பெயர்தான். ஒரு ஆள் கனம் கனக்கும். முன்னால் இருந்த ஷாக் அப்சார்பர் இறுகிப்போய் வெறும் குழாய் ஆகிவிட்டது. பிரேக் பிடித்தால் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். இருந்தும் அவள் அதில்தான் ஏறினாள், இறங்கினாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடப்பாள். அந்த இடத்துக்குப் பல்வரிசை என்று பெயர்.

மலையின் பின்பக்கத்தில் செங்குத்தான ஓர் இறக்கம் அது. கீழ்த்தாடைப் பல் போல வரிசையாகப் பாறைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மாவுக்கட்டு அந்த இடத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அதன் கைவரிசையை நன்றாகப் பார்த்திருக்கிறார். சைக்கிள் ஓட்டும் இளவட்டங்கள் கையைத் தாங்கிப் பிடித்தபடி வருவார்கள். எங்கே விழுந்தாய் என்று கேட்க வேண்டியதே இல்லை. அதனால்தான் அவள் மலைக்குப் போக ஆரம்பித்த புதிதிலேயே, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஓட்டுவதில்லை என்று அவளிடம் வாக்கு வாங்கிவிட்டார். அவளும் கொடுத்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் வந்தாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால், விரலால் மேஜையில் கோடு போட்டு, இந்தக் கல்லுக்கு இடது பக்கமாக வந்து, இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து என்று தனக்குத்தானே இறங்கிக்கொண்டிருப்பாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

பழைய சைக்கிளுக்கு முடிவு கட்டியது அவர்தான். ஒரு நாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. வேறு யாராவது என்றால் கீறல் என்று விட்டிருப்பார்கள். எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண் விடுமா? வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, முறிவுதான். அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். இனிமேல் இந்த வண்டி தாங்காது, மனசைத் தேற்றிக்கொள் என்றார். அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். ரொம்ப ஈசியாக முடிந்துவிட்டதே என்று அவருக்கே ஆச்சரியம்.

அடுத்த வாரம் அவர் வேலை முடிந்து வந்தபோது, ஹாலின் நடுவில் ஒரு புது சைக்கிள் நின்றது.

திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், திறந்த வாயை மூட மறந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த சைக்கிள் சாதியைச் சேர்ந்ததாகவே அது இல்லை. டயர் அவர் புஜம் அளவுக்கு இருந்தது. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. தூக்கிப் பாருங்கள் என்றாள். பழைய சைக்கிளின் நினைப்பில் தம் பிடித்துத் தூக்கினார். அது விருட்டென்று மேலே வந்து சீலிங் ஃபேனில் இடிக்கப் போனது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி ஹேண்டில் பாரை அமுக்கிக் காட்டினாள். முன்பக்கம் மெத்தை போல இறங்கி, சத்தமில்லாமல் எழுந்தது. ஒரு பட்டனைத் தொட்டால் சீட்டு தானாகக் கீழே போனது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒரே ஒரு விரலை பிரேக்கில் வைத்தாள். சக்கரம் அப்படியே நின்றது. கிரீச் இல்லை, முனகல் இல்லை.

மாவுக்கட்டு சோபாவில் உட்கார்ந்து சக்கரத்தை மறுபடியும் சுற்றிவிட்டார். அது சுற்றியது. காபி ஆறியது, அது சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதன் செய்த ஒரு பொருள் இவ்வளவு ஒழுங்காக இருக்க முடியுமா என்று நினைத்தார். மனுஷ மூட்டைத் தவிர வேறு எதையும் பார்த்து அவர் அப்படி நினைத்தது கிடையாது. அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் எழுந்து உள்ளே போகும் வரை காத்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒரு வாக்கு குடுத்திருந்தேன்ல" என்றாள். "அத எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. இந்த வண்டியில என்னால பல்வரிசையில எறங்க முடியும். ஒரே ஒரு தடவ எறங்கணும்."

முடியாது என்று சொல்ல நா எழவில்லை, சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. முதலில் வண்டி பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் 'பார்க்கலாம்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தினமும் பார்க்கிறவர் அவர். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு சும்மா இருக்க மாட்டாமல் சைக்கிளைச் சுற்றி வந்தார். வீக்கத்தை அமுக்கிப் பார்க்கிற கட்டை விரலால் டயரை அமுக்கினார். விரல் உள்ளே போனது. அவருக்குப் பகீர் என்றது. புது வண்டியை இப்படியா கொடுத்து அனுப்புவார்கள்? பாதிக் காற்றுகூட இல்லையே. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பால்கனியிலிருந்து பம்பை எடுத்து வந்து அடித்தார். மூச்சு வாங்க வாங்க அடித்தார். கட்டை விரல் வலிக்கும் அளவுக்கு டயர் கல்லாக ஆன பிறகுதான் அவருக்குத் திருப்தி. அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தான் நிரப்பி வைத்ததை எப்படிச் சொல்லவில்லையோ, அப்படித்தான் இதையும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

மத்தியானம் அவள் திரும்பியபோது முழங்கை சிராய்த்திருந்தது. முட்டியில் ரத்தம். அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஆஸ்பத்திரிக்காரர் ஆகி, ஒவ்வோர் எலும்பாக அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எங்கே, பல்வரிசையிலா என்றார்.

"அங்க போகவே இல்லைங்க. எப்பவும் போற பாதைதான். பழைய வண்டியில கண்ண மூடிட்டு எறங்குவேன். இது கல்ல தொட்டாலே தூக்கி எறியுது." ஸ்பிரிட் பட்டு எரிந்தபோது அவள் ஸ் என்றுகூடச் சொல்லவில்லை. "வண்டியில ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல."

அன்று சாயந்திரமே சைக்கிளைச் சுவரோரமாகச் சாய்த்து, மேலே பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டாள். பிடிக்கவில்லை என்றால் கொஞ்ச நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்களாம். கொடுத்துவிடலாம் என்றாள்.

மாவுக்கட்டுக்கு அப்பாடா என்று இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மனைவியின் எலும்புகள் இனிப் பத்திரம். ஆனால் அந்த நிம்மதி எத்தனை நாள் தாங்கியது? அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள், பஸ்ஸில் வந்தாள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பகலெல்லாம் நாற்காலி, சாயந்திரமும் நாற்காலி. சாப்பிடும்போது மேஜையில் கோடு போடவில்லை. அவர் நிம்மதியாகச் சாப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை.

சைக்கிளைத் தன் கையால் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, நீங்களே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றாள். அவர் தள்ளிக்கொண்டு போனார். கடை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வழக்கம்போல டயரை அமுக்கினான். அமுக்கினவன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"எந்தப் புண்ணியவான் சார் இதுல காத்தடிச்சது?"

மாவுக்கட்டு திருதிருவென்று விழித்தார். அந்தப் புண்ணியவான் எதிரில் நிற்பது தெரியாமல் அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். மலைக்குப் போகிற டயரில் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும். கல்லாக அடித்து வைத்தால் பந்து மாதிரி எகிறும், எந்த இடத்திலும் பிடிக்காது. ஆளைக் கீழே தள்ளாமல் விட்டால்தான் ஆச்சரியம். இப்படிச் சொல்லிவிட்டு முன்சக்கரத்தைக் கடையின் படி விளிம்பில் வைத்து அழுத்தினான். சக்கரம் வழுக்கிக்கொண்டு விலகியது. வால்வைத் திருகிக் காற்றை இறக்கினான். மறுபடி அதே விளிம்பில் வைத்து அழுத்தினான். இப்போது டயர் படியின் முனையைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கவ்விப் பிடித்தது. அசைத்தாலும் நகரவில்லை.

மாவுக்கட்டு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டியாக இருந்தால்தான் காப்பாற்றும் என்பது அவர் தொழில். மாவு இறுக இறுகத்தான் எலும்புக்குப் பாதுகாப்பு. இங்கேயோ இளகியது பிடித்துக்கொள்கிறது, இறுகியது தள்ளிவிடுகிறது. வியப்பு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். அவளை விழவைத்தது வயசு இல்லை. நான்தான்.

"சரி சார், வண்டிய எடுத்துக்கவா? உங்க இஷ்டம்தான்" என்றான் மெக்கானிக்.

ம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு வயசாகிவிட்டது என்று அவளே நம்பிவிட்டாள். பல்வரிசை அவளைத் தொடவே தொடாது. இத்தனை வருஷமாக அவர் விரும்பியது கையில் வந்து விழுந்திருந்தது. அவர் ம் சொல்லத்தான் நினைத்தார். அப்போது கட்டுப் பிரிக்க வருகிறவர்களின் நினைப்பு வந்தது. ரொம்ப நாள் கட்டிலேயே இருந்த கையை வெளியே எடுத்தால், சூம்பிப்போய், வெளிறிப்போய், யாருடைய கையோ போல இருக்கும். எலும்பு கூடியிருக்கும். ஆனால் அந்த ஆள் அதை அசைக்கவே பயப்படுவார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் முகம் அப்படித்தான் இருந்தது.

சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்.

மகள் வீட்டில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. சைக்கிளோடு வந்து நின்றவரை மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பம்ப் அடித்தது, மெக்கானிக் சொன்னது, அங்கே நின்றபோது மனசு போன போக்கு, ஒன்றையும் விடவில்லை.

அவள் கண் கலங்கியிருந்தது. அழுகையா கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"காத்தடிச்சது கூடப் பரவால்லங்க. தெரியாம செஞ்சீங்க" என்றாள். "ஆனா எனக்கு வயசாயிடுச்சுன்னு நான் சொன்னப்ப, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க. ஒரு வாரமா நான் என்னையே கெழவியாப் பாத்துட்டிருந்தேன்."

"உன் வாக்க எடுத்துக்க" என்றார். "நான் அத வாங்கியிருக்கவே கூடாது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு அளவாகத்தான் இருந்தது. உப்பு வேண்டுமா, வேண்டாமா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எதிரில் வந்து நின்றாள். நீங்களும் வாருங்கள், கீழே நில்லுங்கள் என்றாள். அவர் கட்டுத்துணியும் எலும்புக்கு அணைகொடுத்துக் கட்டும் சிம்புகளும் அடங்கிய பையைத் தேடினார். அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். அவள் பார்க்காதபோது அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பின்பக்கமாக ஒரு நடைபாதை இருந்தது. அவர் நடந்து பல்வரிசையின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். எக்ஸ்ரேயில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, வானம் வரைக்கும் போனது போல நின்றன. ஒவ்வொன்றும் ஆள் முட்டி உயரம். நடுவில் மண் இல்லை, பொடிக்கல்தான். காற்று அடித்தது, ஒரு பறவை கத்தியது. இதன் எதிரில்தான் ஒவ்வொரு லீவு நாளும் நின்று, ஆசையோடு பார்த்து, அவருக்குக் கொடுத்த வாக்குக்காக இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மேலே உச்சியில் அவள் தெரிந்தாள். கட்டை விரல் அளவுக்கு. சீட்டை இறக்கினாள். ஒரு மூச்சு எடுத்த மாதிரி தோள் உயர்ந்தது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியது.

பொடிக்கல் சரியும் சத்தம் கேட்டது. டயர் பாறையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு டிக்டிக்டிக் என்று சக்கரம் ஓயும் சத்தம் மிகப் பக்கத்தில் கேட்டது. அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலும் தரையில். மூச்சு இரைத்தது. முகம் முழுக்கப் புழுதி.

"பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் சொல்லியிருப்பான்.

"இல்ல" என்றார். "கண்ண மூடிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. சைக்கிளைத் திருப்பினாள், தள்ளிக்கொண்டு மறுபடியும் மேலே ஏற ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொள்ளவா இவரை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன் என்பது போல, பல்வரிசையின் ஓரமாகவே ஏறிப் போனாள். அவர் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார்.

இந்த முறை அவர் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. முன்சக்கரம் முதல் கல்லிலிருந்து விழுந்தது. அவர் மூச்சும் கூடவே விழுந்தது. ஆனால் ஷாக் அந்த விழுதலை விழுங்கியது. டயர் அடுத்த கல்லின் முனையைக் கவ்வியது. சைக்கிள் அவளுக்குக் கீழே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஆடியது, எகிறியது. அவள் தலை மட்டும் தண்ணீர் நிறைந்த குடத்தைச் சுமப்பவளுடையது போல அலுங்காமல் வந்தது. மணிக்கட்டு வளைந்து கொடுத்தது. முழங்கை விரிந்தது, மடங்கியது. இடுப்பு பின்னால் போனது. கணுக்கால் தாழ்ந்து, பாதம் பெடலோடு ஒட்டிக்கொண்டது. இவை ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றும் உடைந்து, தனியாகத் தன் மேஜைக்கு வந்து பார்த்திருக்கிறார். அவை எல்லாம் சேர்ந்து இப்படி ஒரே வேலையைச் செய்யும் என்று அவர் கண்டதில்லை. விரலால் மேஜையில் போட்ட அதே கோட்டில், இடது பக்கமாக வந்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் புகுந்து, அவருடைய நாற்பத்தாறு வயது மனைவி மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அவர் கன்னம் நனைந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

அவள் வந்து நின்றாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில நான் விழுந்தவங்கள மட்டும்தான் பாத்திருக்கேன்" என்றார் அவர். "விழாதவங்க யாரும் என்கிட்ட வந்ததே இல்ல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். இன்னும் ஒரு தடவை இறங்கலாம் போல இருக்கிறது, ஆனால் மேலே தள்ளிக்கொண்டு போகத்தான் கால் கெஞ்சுகிறது என்றாள்.

மாவுக்கட்டு சைக்கிளின் ஹேண்டில் பாரைப் பிடித்தார். அதை மேலே தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.